கருப்பனாருக்கு நட்ட சைக்கிள்

ஏனுங்க,

நான் பிறந்த ஊர்ப் பூசாரி இன்று காலையில் மலையின் அந்தப் பக்கத்து எடப்புளி நாட்டிலிருந்து நடந்து வந்து, கருப்பனார் கோயில் எலுமிச்சம்பழம் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நோன்பு முடிந்ததும் கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வருகிற பழம். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். வேலில் குத்தின பழத்தில் சின்னப் பொத்தல்தான் இருக்கும். இது பட்டையாகக் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தைச் சுற்றித் துரு இறங்கித் தோல் காவி நிறமாக இருந்தது. "உங்க ஊட்டு இரும்புல குத்தினதுங்க, தனியா எடுத்து வெச்சேன்" என்று பூசாரி பெருமையாகச் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும். உங்கள் சைக்கிள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஊர் எதிர்பார்த்த அளவுக்கு அழுதேன்; அதற்கு மேல் வரவில்லை. உங்களுக்கு ஒரு பதில் பாக்கி இருப்பது இந்தப் பழத்தைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. காய்ச்சலில் கிடந்தபோது நீங்கள் என்னை ஒன்று கேட்டீர்கள். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்டாட்டி வீட்டுக்கு ஆகாது என்று சந்தையில் கண்டவரிடமெல்லாம் சொன்னவர் நீங்கள். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நான் படித்த அந்த எழுத்திலேயே பதிலை எழுதுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை. இருந்த காலத்திலும் உங்களுக்குப் படிக்கத் தெரியாது.

நீங்கள் பெண் கேட்டு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் அந்த இரும்பைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். மாட்டு வண்டிகூட ஏற முடியாத மலை இது. ஏறுவதும் இறங்குவதும் காலால், சுமப்பது தலையால். அப்பேர்ப்பட்ட மலைக்கு ஒருவர் சைக்கிளைக் கொண்டுவந்தால் அவருடைய புத்தியைப் பற்றி அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை. ஊரே கூடி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

சைக்கிள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதில் சக்கரம் இல்லை, சீட் இல்லை, பெடல் இல்லை, பிடிக்கக் கைப்பிடி இல்லை. முன்னால் ஒரு கவட்டை, பின்னால் ஒரு கவட்டை, நடுவில் இரண்டு குழாய்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் வளைந்து கீழே இறங்கின. கறுப்புப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. முன்குழாயின் நெற்றியில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

"அதுல பேர்த் தகடு இருந்துச்சுங்க மாமா. சேலத்துல நான் கூலி வேல பாத்த பங்களாத் துரை, ஞாபகத்துக்குன்னு கழட்டி வெச்சுக்கிட்டாரு. அவரு ரேஸ் ஓட்டின சைக்கிள் இது. சீமையில செஞ்சது. எம்மேல இருக்கிற பிரியத்துல குடுத்துட்டாரு. சக்கரம் சேலத்துல கெடக்குது, அடுத்த வாட்டி கொண்டாந்துர்றேன்" என்று என் அப்பாவிடம் அடித்து விட்டீர்கள்.

"சக்கரம் எதுக்குங்க மாப்ளே? இங்க எங்கீங்க ஓட்டறது?" என்றார் அப்பா. பெருமையில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்குப் பரிசம் போட வேண்டும். தானியம் போடுவார்கள், மாடு ஓட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு ஒரு நாள் பெண்ணுக்கு அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையென்றால், வந்த பரிசத்தை அவளுடைய அப்பன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டால் அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளை இருந்தால் அது மட்டும் அப்பன் வீட்டோடு நின்றுவிடும். காளை வந்திருந்தால் காளை போகும், சாமை வந்திருந்தால் சாமை போகும். அப்பா காளைகளை வேண்டாமென்று சொல்லிவிட்டு உங்கள் எலும்புக்கூட்டைப் பரிசமாக வாங்கிக்கொண்டார். என்னைக் கட்டிவைத்த முட்டாள்தனத்தில் பாதி அவருடையது என்பதை நான் மறைக்கவில்லை.

கல்யாணமாகி நான் குண்டூர் நாட்டுக்கு, உங்கள் வீட்டுக்கு வந்த அந்த வருஷமே அப்பாவின் தொழுவத்தில் கோமாரி வந்தது. மாடுகள் பிழைத்தால் இரும்பு நடுகிறேன் என்று கருப்பனாருக்கு வேண்டிக்கொண்டார். மாடுகள் பிழைத்தன. மற்றவர்கள் அரிவாளோ வேலோ அடித்து நடுவார்கள். அப்பாவுக்கு அது போதவில்லை. சீமை இரும்பு வீட்டில் இருக்கும்போது கொல்லன் இரும்பை யார் நடுவார்கள்? பின் கவட்டையிலிருந்து நடுக்குழாய் வரை மண்ணுக்குள் புதைத்து, முன் கவட்டை வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி, மேலே மஞ்சள் துணி சுற்றிவிட்டார்கள். 'துரை வேல்' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அதற்கு எண்ணெய் ஊற்றிக் கும்பிட ஆரம்பித்தார்கள். கருப்பனாருக்குக் கொடுத்ததைக் கருப்பனாரே எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. மனுஷன் பிடுங்கக் கூடாது.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு உங்களை நான் முழுதாகப் பார்த்தேன். காட்டு வேலை என் தலையில், வாய் வேலை உங்கள் தலையில். நான் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் பலா மரத்தடியில் உட்கார்ந்து சேலத்து ரோட்டில் ரேஸ் விட்டுக்கொண்டிருப்பீர்கள். துரை முன்னால் போனார், நீங்கள் பின்னால் போனீர்கள், துரையையே முந்தினீர்கள். அந்த ரேஸ் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போனது. நான் காயவைத்த மிளகை நீங்கள் விற்கக் கொண்டுபோனால் புகையிலையும் முகம் பார்க்கும் கண்ணாடியும் திரும்பி வரும். ஒரு தடவையாவது உப்பு வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை.

சேந்தமங்கலம் சந்தையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிளகு வியாபாரி ஒருத்தர் உங்கள் ரேஸ் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, தன் சைக்கிளைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் நிறுத்தினார். "ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்களேன், பாப்போம்" என்றார். சந்தையே திரும்பிப் பார்த்தது. நீங்கள் அந்தச் சைக்கிளைச் சுற்றி வந்தீர்கள். டயரைத் தட்டிப் பார்த்தீர்கள். "இதெல்லாம் சும்மா நடைக்குப் போற வண்டிங்க. ரேஸ் வண்டிக்குப் பழகின காலு இதுல நிக்காதுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக் கடைப் பக்கம் போய்விட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். கூடையை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, உங்களுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே உங்களை விட்டுவிட முடிவு செய்தேன். சோம்பேறியோடு குடும்பம் நடத்தலாம். வீம்பு பேசுகிற சோம்பேறியோடு முடியாது என்று தோன்றியது.

எடப்புளிக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கூடினார்கள். பரிசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்ணை அழைத்துக்கொள்கிறேன் என்றார் அப்பா. நீங்கள் எழுந்து, "குடுக்கட்டுங்க. எஞ் சைக்கிளு எனக்கு வந்தாப் போதும்" என்றீர்கள். அது மண்ணுக்குள் நிற்பது தெரிந்துதான் சொன்னீர்கள்.

"கருப்பனாரு பொருளை எப்படீங்க புடுங்கறது?" என்றார் அப்பா.

"அப்ப அதுக்குச் சமானமா ஒண்ணைக் குடுத்துரு" என்றார் ஊர்க்கவுண்டர்.

"எது சமானம்ங்க?"

யாருக்கும் தெரியவில்லை. மாடு என்றால் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்லும் கூட்டம். சாமை என்றால் கையில் அள்ளியதுமே சொல்லும். அந்த இரும்பு என்ன இரும்பு, யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கீழேயிருந்து ஒரு சைக்கிள் கடைக்காரரைக் கூட்டி வருவதென்று முடிவானது. அழைத்துவரும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள்? மலையிலேயே சைக்கிள் கடை தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தானே. உங்களிடமே கொடுத்தார்கள்.

கடைக்காரர் முதல் நாளே வந்து உங்கள் வீட்டில் கோழி தின்றார். மறுநாள் கோயிலுக்கு வந்தார். கல் வரிசைக்கு உள்ளே பூசாரியைத் தவிர யாரும் போகக் கூடாது. அதனால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார். பாதி மண்ணுக்குள்ளும் பாதி மஞ்சள் துணிக்குள்ளும் இருந்த ஒரு பொருளைத் தூரத்தில் நின்று நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு கவட்டை நுனியும், அதில் குத்தியிருந்த எலுமிச்சம்பழமும்தான். பரீட்சை அதோடு முடிந்தது.

"நடுவால பாரு, அதான் குழாயி, எத்தனைங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ரெண்டுங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு."

"ரெட்டைப் பாரா?" கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம பக்கத்து வண்டிக்கெல்லாம் மேல ஒத்தைப் பாருதானுங்க. ரெட்டைப் பாருன்னா ரேஸேதான். வேகந் தாங்கோணுமுல்லொ?"

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து நான் வாயைத் திறந்தேன். "அந்தப் பாரு ரெண்டும் கீழ வளைஞ்சு எறங்குமுங்க. மேல ஒண்ணுமே இருக்காது" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓட்டி ஓட்டி வளைஞ்சிருக்கும் கண்ணு" என்றார்.

நீங்களும் சிரித்தீர்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். துரை ஓட்டின சீமை ரேஸ் சைக்கிள் என்று முடிவாகிவிட்டது. அதற்குச் சமானமாக அப்பா தன் மிளகுக் கொடி ஏறிய தோட்டத்தையே உங்கள் பேருக்கு விட வேண்டும் என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். என் தம்பிகள் இருவரும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மண்ணைப் பார்த்தார். நான் பாயை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் நடந்தேன். வழியெல்லாம் நீங்கள் ஓடை தாண்டும் இடத்திலும் மூச்சு வாங்காமல் ஜெயித்த கதையைப் பேசிக்கொண்டே வந்தீர்கள். உங்களை நான் வெறுத்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் இளப்பமாகத்தான் நினைத்திருந்தேன்.

பிறகு மகள் பிறந்தாள். வெள்ளைக்காரன் சண்டை வந்து மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனது. மிளகு விற்க நானே இறங்க ஆரம்பித்தேன். அப்படி ஒரு சந்தை நாளில், சேந்தமங்கலத்தில், எதிரே ஓர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சைக்கிளில் வந்தாள். வெள்ளைச் சேலை, பின்னால் ஒரு பெட்டி. ஒரு பெண் சைக்கிளில் போவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்து வாயைப் பிளந்தேன் என்றுதான் கூட வந்தவர்கள் நினைத்தார்கள். நான் பார்த்தது அவளுடைய காலுக்கு நடுவில் வளைந்து இறங்கின இரண்டு குழாய்களை.

அவள் ஒரு வீட்டு வாசலில் இறங்கி வண்டியைச் சாய்த்து வைத்தாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏனுங்கம்மா, இது ரேஸ் சைக்கிளுங்களா?"

நர்ஸம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரேஸா? இது பொம்பளைங்க ஓட்டற சைக்கிள். மேல கம்பி இருந்தா சேலையோட எப்படி ஏறி உக்கார்றது? அதுக்குத்தான் கீழ வளைச்சு வெச்சிருக்காங்க."

"அப்ப ரெண்டு கம்பி எதுக்குங்க?"

"மேல ஒண்ணு இல்லையே, அது கீழ வந்து சேர்ந்துக்கிச்சு" என்றாள். தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தொட்டுப் பார்த்தேன். என் பரிசத்தைத்தான் தொட்டேன். முன்குழாய் நெற்றியில் பேர்த் தகடு பளபளவென்று இருந்தது. அதை நான் படிக்கவில்லை. எந்தக் கம்பெனி என்று தெரிந்து எனக்கு என்ன ஆக வேண்டும்?

மலை ஏறும்போது சிரித்தேன். சும்மா இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கூட வந்தவர்கள் ஏதோ காற்று பட்டுவிட்டது என்று வேப்பிலை ஒடித்தார்கள். பாதி ஏற்றத்தில் அழுகை வந்துவிட்டது. ஒரு பெண் ஏறி உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு எங்கேயாவது போவதற்காக எவனோ சீமையில் யோசித்து வளைத்த இரும்பு. அதைக் காட்டித்தானே என்னை இங்கே உட்காரவைத்தீர்கள். அந்த ஆத்திரம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் துரையை முந்திக்கொண்டிருந்தீர்கள். அவர் போகும்வரை காத்திருந்துவிட்டு, "ஏனுங்க, அது தொரசாணி சைக்கிளாமுங்க. பொம்பளைங்க சேலையோட ஏறி ஓட்டறதாமுங்க" என்றேன்.

நீங்கள் பொய்யர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்ததும் அது தப்பென்று தெரிந்தது. உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது.

"பட்லரு சொன்னானே புள்ளே… துரை ஓட்டினதுன்னு… எங் கூலியெல்லாம் அதுக்குத்தான் புடிச்சுக்கிட்டான்" என்றீர்கள். துரை பங்களா ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை ஒரு பட்லர் உங்கள் தலையில் கட்டியிருக்கிறான். அதை நீங்கள் என் அப்பா தலையில் கட்டினீர்கள், அப்பா கருப்பனார் தலையில் கட்டினார். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த உங்களைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. சோறு போட்டேன். நீங்கள் ஒரு உருண்டையை வாயில் வைத்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லிராத புள்ளே" என்றீர்கள். இருந்த பாவமும் போய்விட்டது. என்னை அத்தனை வருஷம் கட்டிவைத்ததற்கு ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்குக் கவலையெல்லாம் பலா மரத்தடிக் கூட்டத்தைப் பற்றித்தான்.

அதற்குப் பிறகு நீங்கள் ரேஸ் விடவில்லை. எப்போதாவது வாய் நீண்டால், "சைக்கிளு…" என்று நான் மெதுவாக இழுப்பேன். உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவீர்கள். மிளகுக் கொடி கட்டினீர்கள், கிழங்கு நட்டீர்கள். புருஷனைத் திருத்திவிட்டேன் என்று ஊர்ப் பெண்கள் என்னைக் கொண்டாடினார்கள். நான் திருத்தவில்லை, மிரட்டினேன். அது உங்களுக்கு ஒத்துக்கொண்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு மத்தியானம், "தெரிஞ்சதுக்கப்புறமும் ஏம்புள்ளே போகாம இருந்தே?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். உங்கள்மேல் பிரியம், அதனால்தான் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்கள். அந்த எதிர்பார்ப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாகக் கிடக்கிற மனுஷனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்றுதான் கஞ்சியைக் கலக்கினேன்.

பிரியம் இல்லைங்க. திரும்பவும் பெரியவர்களைக் கூட்டி, அது பழைய தொரசாணி சைக்கிள் என்று சொல்லியிருந்தால், ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்து என்னைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார் அப்பா. மகள் உங்கள் வீட்டில் நின்றுபோயிருப்பாள். நீங்கள் அவளை வளர்த்து, ஒரு நாள் எவனாவது தலையில் ஏதாவது இரும்பைச் சுமந்துகொண்டு வந்து சீமைச் சரக்கு என்றால், வாயைப் பிளந்துகொண்டு அவளைக் கொடுத்திருப்பீர்கள். அதற்காகத்தான் இருந்தேன். உங்களுக்காக ஒரு நாள்கூட இருக்கவில்லை.

நீங்கள் போன கொஞ்ச நாளிலேயே குண்டனி நாட்டிலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். நீங்களும் வந்த அன்றைக்கு நல்லவராகத்தான் தெரிந்தீர்கள். அவர்கள் காளைச் சோடி ஓட்டி வருகிறோம் என்றார்கள், வெள்ளிக் காப்பு போடுகிறோம் என்றார்கள். பையனின் மாமன், சேலத்திலிருந்து மணியடிக்கிற கடிகாரம் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். எனக்கு ஒரு மூட்டை சாமை போதும் என்றேன். பிள்ளையை இவ்வளவு இளப்பமாகக் கொடுக்கிறாளே என்று அவர்களுக்கே சங்கடமாகிவிட்டது. நான் விடவில்லை. சாமைதான் வந்தது.

அதைக் கூரைக்குக் கீழே அட்டத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன். வரகும் கேழ்வரகும் தீர்ந்துபோன நாளிலும் அதைத் தொடவில்லை. இந்த அறுவடை வந்ததும் பழையதை எடுத்துவிட்டுப் புதுச் சாமையை நிரப்பி, மறுபடி வாயைக் கட்டி வைக்க வேண்டும். நான் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் அப்படித்தான். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, அரிசியில்லாம கெழங்கு வேக வெக்கற, அதை எறக்கிக் குத்தலாமுல்ல?" என்று கேட்டாள்.

"அது நம்முளுது இல்ல கண்ணு" என்றேன். "நீ எந்த நாளு வந்து நின்னாலும், அன்னிக்கே திருப்பிக் குடுக்கறதுக்கு."